பழைய லாரியின் டீசல் பம்ப்: கழற்றும் முன் பார்க்க வேண்டியவை முதல் டைமிங் வரை

697 எஞ்சின் கொண்ட பழைய டாடா லாரி ஒன்றை மூன்றாம் கையாக வாங்கி, அதன் டீசல் பம்ப்பை எட்டு மாதங்களுக்குள் இரண்டு முறை கழற்றி மாட்டிய பிறகு இதை எழுதுகிறேன். முதல் முறை அதைக் கழற்றியிருக்கவே வேண்டியதில்லை. இரண்டாம் முறை கழற்றியதில் தவறில்லை; ஆனால் திரும்ப மாட்டும்போது எஞ்சின் ஒரு சுற்று தள்ளி நின்றதைக் கவனிக்காததால், லோடு ஏற்றிய வண்டி நான்கு நாட்கள் பட்டறையிலேயே நின்றது. இரண்டு தவறுகளும் அரை மணி நேரச் சோதனையில் தவிர்க்கக்கூடியவை. புதிதாகப் பழைய லாரி வாங்கி ஓட்டுபவர்களுக்கு அந்தச் சோதனைகளை வரிசையாகச் சொல்வதே என் நோக்கம்.

இங்கே சொல்பவை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமெண்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடி) என ஆறும் ஒரே வரிசையில் நிற்கும், மெக்கானிக்கல் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கொண்ட லைன் பம்ப்புக்கு மட்டுமே பொருந்தும். ரோட்டரி பம்ப்புக்கும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் வண்டிக்கும் முறை முற்றிலும் வேறு. பம்ப்பின் உள்வேலையை நீங்களே செய்யவும் சொல்லமாட்டேன். எலிமெண்ட்டின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை டெஸ்ட் பெஞ்ச் (பம்ப்பைச் சுழற்றி அளவெடுக்கும் இயந்திரம்) இல்லாத இடத்தில் பிரிப்பது பம்ப்பைக் கெடுப்பதற்குச் சமம். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது, சரியாகக் கழற்றிக் கொடுப்பது, செய்த வேலையைச் சரிபார்த்து வாங்குவது, டைமிங் (எஞ்சின் எந்த நிலையில் இருக்கும்போது பம்ப் டீசல் தள்ளத் தொடங்குகிறது என்பது) பார்ப்பது ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை.

1. பழுது பம்ப்பில்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

இழுவை குறைந்தாலும், காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திணறினாலும் பலரும் முதலில் கை நீட்டுவது பம்ப்பை நோக்கித்தான். என் வண்டியும் ஏற்றத்தில் திணறியது. காலையில் ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து டீசலை ஏற்றும் சிறு பம்ப்) இருபது முறை அடித்த பிறகே ஸ்டார்ட் ஆனது. பம்ப்பைப் பார்த்த கடையில் எலிமெண்ட் தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஆறையும் மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் அதே பழுது திரும்பி வந்தது. பிறகு ஒரு மூத்த ஓட்டுநர், டாங்கிலிருந்து ஃபீடு பம்ப்புக்கு வரும் பைப்பின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இணைக்கச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்க்குள் டீசலோடு காற்றுக் குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரிந்தது. பைப்பைத் தடவிக்கொண்டே போய், டாங்க் அருகில் இருந்த கிளிப்பைச் சற்று நகர்த்தியபோது, அதன் அடியில் நகக்கீறல் அளவுக்கு ரப்பர் வெடித்திருந்தது. அங்கே ஒரு சொட்டு டீசல்கூடக் கசிந்திருக்கவில்லை. ஃபீடு பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால், டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். கசிவு இல்லை என்பதால் பைப் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

ஆகவே கழற்றுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா? மூடியைத் தளர்த்தி ஓட்டும்போது பழுது குறைந்தால் காரணம் அதுதான். உறிஞ்சும் பைப்பில் காற்று வருகிறதா? ஃபீடு பம்ப்பின் சல்லடையில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா? டீசல் ஃபில்டர்கள் இரண்டையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? டேப்பட் கேப் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளி) சரியாக இருக்கிறதா? இவற்றோடு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்ப்பின் லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று நேரில் பாருங்கள். லிங்க் ராடு தேய்ந்து, லீவர் முக்கால் பங்கு மட்டுமே நகரும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பம்ப்புக்கு என்ன செலவழித்தாலும் இழுவை வராது.

அடுத்தது சிலிண்டர் சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, பிறகு இறுக்குங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சினின் ஓசை உடனே தாழும். ஓசை மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது, எடுத்துக்காட்டாக 3ஆம் சிலிண்டர் இன்ஜெக்டரை 5ஆம் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். பழுது 5க்குப் போனால் இன்ஜெக்டரைச் சரிசெய்தால் போதும். 3லேயே நின்றுவிட்டால், அந்த எலிமெண்ட், அதன் டெலிவரி வால்வு (எலிமெண்ட்டிலிருந்து பைப்புக்குப் போகும் வழியில் உள்ள வால்வு) அல்லது அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஆகிய மூன்றில் ஒன்று காரணம்; கம்ப்ரஷன் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும்போது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். நாசிலிலிருந்து 200 பார் அளவுக்கு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் செய்யாமல், டீசல் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி உடனே மருத்துவமனையில் காட்ட வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு, கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் பம்ப்பைக் கழற்றலாம்: காலையில் எளிதாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு நிறுத்தினால் ஸ்டார்ட் ஆக மறுப்பது (சூட்டில் டீசல் நீர்த்துப் போவதால், தேய்ந்த எலிமெண்ட்டில் கசிவு கூடுகிறது), பம்ப்பின் ஆயில் மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடிப்பது, ரேக் (எலிமெண்ட்டுகள் தள்ளும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) பிடித்து நின்று, ஐடில் ஏறி இறங்குவது, டீசலில் தண்ணீர் கலந்து ஓடியது உறுதியாகத் தெரிவது. எஞ்சின் ஆயிலே பம்ப்புக்கும் போகும் வண்டிகளில் எஞ்சின் ஆயில் மட்டம் உயரும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகளும் போய்விடும், ஆகவே இந்தக் குறி தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

2. தகட்டைப் படியுங்கள், தாள்களைத் திரட்டுங்கள்

பம்ப்பின் பக்கவாட்டில் சிறிய தகடு ஒன்று இருக்கும். அதைப் பிரஷால் துடைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வண்டிகளில் பரவலாக உள்ள மைக்கோ வகைப் பம்ப்புகளில் ‘பி.இ.எஸ். 6 ஏ 90’ என்பது போலத் தொடங்கும் எண் இருக்கும். இதில் 6 என்பது எலிமெண்ட்டுகளின் எண்ணிக்கை. ஏ என்பது பம்ப்பின் அளவு வகை. 90 என்றால் பிளஞ்சரின் குறுக்களவு 9.0 மில்லிமீட்டர், பின்னால் வரும் ஆர் அல்லது எல், பம்ப் சுற்றும் திசை. கவர்னருக்கும் தனித் தகடு உண்டு, அதையும் படமெடுங்கள். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் பம்ப் கடையில் டெஸ்ட் அட்டவணையைத் தேடி எடுக்க முடியும். எண்ணைப் பார்க்காமலேயே “இந்த வண்டிக்கு இவ்வளவுதான் வைப்போம்” என்று பழக்கத்தில் வைக்கும் இடத்தில் பம்ப்பைக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் கை வண்டிகளில், வேறு எஞ்சினின் பம்ப்பை யாரோ மாட்டியிருப்பதும் உண்டு. தகட்டு எண்ணை எஞ்சின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அது தெரியவரும்.

கடையில் கொடுக்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதில் பம்ப் எண், மாற்றப் போகும் உதிரிப் பாகங்கள், எந்தத் தயாரிப்பு, கூலி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், டெஸ்ட் பெஞ்ச்சில் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால், பழைய எலிமெண்ட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

3. செலவும் நாட்களும்

என் இரண்டாம் வேலைக்கான கணக்கை அப்படியே தருகிறேன்; ஊருக்கு ஊரும் பம்ப் வகைக்கு வகையும் இது மாறும். எலிமெண்ட் ஆறுக்கு 6,900 ரூபாய், டெலிவரி வால்வு ஆறுக்கு 2,520, நாசில் ஆறுக்கு 5,100, ஆயில் சீல், கேஸ்கட், பேரிங் சேர்த்து 2,300, ஃபீடு பம்ப் சர்வீஸ் 900, பெஞ்ச் டெஸ்ட் உட்படக் கூலி 5,500. பம்ப் கடையில் மட்டும் 23,220 ரூபாய் ஆனது. கழற்றி மாட்டிய மெக்கானிக்குக்கு 2,500, ஃபில்டர், செம்பு வாஷர், ஆயில், கழுவ டீசல் ஆகியவற்றுக்கு 1,780. ஆக மொத்தம் 27,500 ரூபாய். இதில் மிச்சம் பிடிக்க நினைத்து நாசிலை மட்டும் பழையதாகவே விட்டுவிடுவது நல்லதல்ல; புதிய எலிமெண்ட் தரும் அழுத்தத்தைச் சொட்டும் நாசில் வீணாக்கிவிடும். புதிய நாசில் தேவையில்லை என்று கடையில் சொன்னாலும், ஆறு இன்ஜெக்டர்களையும் டெஸ்டரில் மாட்டி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

கழற்ற அரை நாள், பம்ப் கடையில் இரண்டு முதல் மூன்று நாட்கள், மாட்டி டைமிங் பார்க்க ஒரு முழுப் பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பம்ப் வந்தால், அன்றிரவே மாட்டிவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். டைமிங் பார்க்கும் வேலைக்கு நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்; பி.எஸ். 4க்கு முந்தைய வண்டிகளுக்குப் புகைச் சான்று ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும். பம்ப் வேலையை எஃப்.சி.க்குக் குறைந்தது பதினைந்து நாட்கள் முன்பே முடித்துவிட்டால், ஓட்டிப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும்.

4. குறியிட்ட பிறகே கழற்றுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பம்ப்பையும் சுற்றுப்புறத்தையும் டீசலாலும் பிரஷாலும் நன்றாகக் கழுவுங்கள். ஒரு நட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன் இந்தக் கழுவல் முடிந்திருக்க வேண்டும். திறந்த பைப் வாயில் விழும் ஒரு மணல் துகள் போதும், புதிய எலிமெண்ட்டைக் கீறிவிடும்.

பிறகு எஞ்சினைக் கையால் சுற்றி, 1ஆம் சிலிண்டரின் கம்ப்ரஷனில், டேம்பர் (எஞ்சினின் முன்பக்கம் சுற்றும் சக்கரம்) அல்லது ஃபிளைவீலில் உள்ள இன்ஜெக்‌ஷன் குறியில் நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். அந்த நிலையில் பம்ப்பின் ஃபிளாஞ்சிலும் எஞ்சின் பக்கத்திலும் ஒரே கோடாக உளியால் மெல்லிய குறியிடுங்கள். கப்ளிங் உள்ள வண்டியானால் கப்ளிங்கின் இரு பக்கத்திலும் குறியிடுங்கள். பெயின்ட் குறி டீசலில் அழிந்துவிடும். இந்த நிலையில் கழற்றிவிட்டு, பம்ப் திரும்பி வரும்வரை எஞ்சினை யாரும் சுற்றாமல் பார்த்துக்கொண்டால், மாட்டும் வேலையில் பாதி இப்போதே முடிந்துவிடுகிறது.

பைப்புகளை வளைக்காமல், ஆறையும் அவற்றின் கிளாம்புகளோடு சேர்த்தே எடுங்கள். பம்ப், பைப், இன்ஜெக்டர் ஆகியவற்றின் வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால் உடனே மூடுங்கள். பஞ்சையும் கிழிந்த துணியையும் திணிக்காதீர்கள். பம்ப் கனமானது, இருவர் பிடித்து இறக்க வேண்டும். இன்ஜெக்டர்களை எடுத்த பிறகு, அடியில் இருந்த செம்பு வாஷர் ஆறும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். ஹெட்டுக்குள் ஒட்டிக்கொண்ட பழைய வாஷரின் மேல் புதிய வாஷரையும் போட்டால், நாசில் உயர்ந்து நின்று, டீசல் தெளிக்க வேண்டிய இடம் மாறிவிடும். பம்ப்பும் டைமிங்கும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் புகைவதற்கு இது ஒரு காரணம்.

5. பெஞ்ச்சில் வைக்கும் நாளில் நேரில் இருங்கள்

பம்ப்பைப் பிரிக்கும்போது நீங்கள் இருக்க வேண்டியதில்லை. பெஞ்ச்சில் ஏற்றும் நாளில் கட்டாயம் இருங்கள். அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஃபேஸிங். ஆறு சிலிண்டர் பம்ப்பில், ஒரு எலிமெண்ட் டீசல் தள்ளத் தொடங்குவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையே சரியாக 60 டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரிக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. வரிசை 1-5-3-6-2-4. பம்ப்பின் ஒரு டிகிரி என்பது எஞ்சினில் இரண்டு டிகிரி, ஏனென்றால் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போதுதான் பம்ப் ஒரு சுற்று சுற்றுகிறது. இங்கே ஃபேஸிங் தவறினால், பிறகு எஞ்சினில் 1ஆம் சிலிண்டருக்கு எவ்வளவு துல்லியமாக டைமிங் வைத்தாலும் மற்ற ஐந்தும் தவறாகவே இருக்கும். கடைக்காரர் பம்ப்புக்குள் உள்ள டேப்பட் உயரத்தைத் திருத்தியோ ஷிம் போட்டோ இதைச் சரிசெய்வார்.

இரண்டாவது அளவு. அட்டவணையில் உள்ள வேகத்தில், ரேக்கை அட்டவணையில் உள்ள நிலையில் வைத்து, குறிப்பிட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கைக்கு ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசலைப் பிடிப்பார்கள். குழாய்களின் முன் குனிந்து, ஆறு மட்டங்களையும் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஐடிலிலும் முழு லோடிலும் இரண்டு முறையாவது பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு லோடில் சமமாக நின்ற மட்டங்கள் ஐடிலில் சிதறுவது உண்டு. அப்படிச் சிதறினால் ஐடிலில் எஞ்சின் உதறும். பெஞ்ச்சின் ஆயில் 40 டிகிரி சூட்டுக்கு வந்த பிறகு எடுத்த அளவே செல்லும். குளிர்ந்த ஆயிலில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

மூன்றாவது கவர்னர் கட் ஆகும் வேகம். எந்த வேகத்தில் ரேக் பின்வாங்கத் தொடங்குகிறது, எந்த வேகத்தில் டீசல் முழுவதும் நிற்கிறது என்று இரண்டு எண்களும் தாளில் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. “பிக்கப் கொஞ்சம் கூட்டித் தரட்டுமா?” என்று சிலர் கேட்பார்கள், கேட்காமலே செய்பவர்களும் உண்டு. முழு லோடு ஸ்குரூவைத் திருப்பி டீசல் அளவைக் கூட்டுவதே அதன் பொருள். இரண்டு நாட்கள் வண்டி பறப்பது போல இருக்கும். உள்ளே போகும் காற்று அதே அளவில் இருக்க, கூடிய டீசல் எரியாமல் கரும்புகையாகிறது, பிஸ்டன் தலையும் சைலென்சர் பக்கமும் அளவுக்கு மீறிச் சூடாகின்றன, மைலேஜ் விழுகிறது. அட்டவணையில் உள்ள அளவுதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஸ்குரூவுக்கு ஈய சீல் வைத்து வாங்குங்கள், அந்த சீலையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை: பம்ப் எண் எழுதிய பில், பெஞ்ச் அளவுத் தாள், பழைய எலிமெண்ட்டுகள். பழைய பிளஞ்சரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாய்வாக வெட்டிய பள்ளத்தின் அருகே பளபளப்பு மங்கி, நீளவாக்கில் சாம்பல் நிறக் கோடுகள் இருந்தால் அது அழுக்கால் தேய்ந்தது. பழுப்புப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர். பின்னது என்றால் டாங்கைக் கழுவாமல் புதிய பம்ப்பை மாட்டுவதில் பயனில்லை.

6. மாட்டும் முன் இரண்டு சோதனைகள்

முதலில், பம்ப்புக்குத் தனி ஆயில் வாய் இருந்தால், குறிப்பிட்ட அளவு ஆயில் ஊற்றுங்கள். கடையிலிருந்து வரும் பம்ப் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும். எஞ்சின் ஆயில் போகும் வகையிலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே சிறிது ஊற்ற வேண்டும். அடுத்து, ஸ்டாப் லீவரை இழுத்து விட்டால் ரேக் தடையின்றிப் போய் வருகிறதா என்று பாருங்கள். ரேக் முழு டீசல் நிலையில் பிடித்துக்கொண்ட பம்ப்பை மாட்டி ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துச் சிதறிவிடும்.

இப்போது, எனக்கு நான்கு நாட்களைத் தின்ற விஷயம். எஞ்சினின் குறி டேம்பரில் இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை நேராக வரும். ஒன்று 1ஆம் சிலிண்டரின் கம்ப்ரஷன், மற்றது 6ஆம் சிலிண்டரின் கம்ப்ரஷன். என் வண்டியில், பம்ப் கடையில் இருந்த நாட்களில், கிளட்ச் வேலைக்காக யாரோ எஞ்சினைச் சுற்றியிருக்கிறார்கள். குறி நேராக நின்றதால் நாங்கள் அப்படியே மாட்டிவிட்டோம். ஸ்டார்ட் செய்தபோது சைலென்சரில் வெள்ளைப் புகை வந்ததே தவிர, எஞ்சின் ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை. ஏர் லாக் (டீசல் பைப்பில் காற்று நின்றுவிடுவது) என்று நினைத்து மூன்று நாட்கள் ஏர் எடுத்தோம்.

இதைத் தவிர்க்க ராக்கர் கவரைத் திறந்து பாருங்கள். குறி நேராக இருக்கும்போது 6ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடிக்கொண்டும் மற்றது திறக்கத் தொடங்கிக்கொண்டும் ஆடும் நிலையில் இருக்க வேண்டும். 1ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் கையால் அசைத்தால் தளர்வாக இருக்க வேண்டும். 1ஆம் ராக்கர்கள் இறுகியிருந்தால், எஞ்சினை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி அதே குறிக்குக் கொண்டு வாருங்கள். பம்ப்பிலும் 1ஆம் எலிமெண்ட் தள்ளத் தொடங்கும் குறியில் ஷாஃப்டை நிறுத்தி, பிறகு மாட்டுங்கள். ஃபிளாஞ்ச் நட்டுகளைக் கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். டைமிங் பார்த்த பிறகே முழு இறுக்கம்.

7. ஸ்பில் முறையில் டைமிங் பார்ப்பது

பழைய உளிக் குறியில் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பம்ப்புக்குள் டேப்பட், ரோலர், எலிமெண்ட் ஆகியவை மாறியிருப்பதால், டீசல் தள்ளத் தொடங்கும் இடமும் சற்று மாறியிருக்கும். பழைய குறி அருகில் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான்.

டைமிங் எத்தனை டிகிரி என்பதை உங்கள் எஞ்சினின் கையேட்டிலிருந்தோ எஞ்சினில் உள்ள தகட்டிலிருந்தோ மட்டுமே எடுங்கள். ஒரே எஞ்சினின் டர்போ உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். டேம்பரில் டிகிரிக் கோடுகள் அழிந்துபோயிருந்தால் கணக்கிட்டுக் குறிக்கலாம். குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 942 மில்லிமீட்டர். 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 2.6 மில்லிமீட்டர். 18 டிகிரி என்றால், உச்சக் குறிக்கு 47 மில்லிமீட்டர் முன்னால் புதிய குறி வரும். ரப்பர் வைத்த டேம்பரில் வெளி வளையம் நழுவியிருக்கவும் வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் உச்ச நிலையை மெக்கானிக்கைக் கொண்டு முதலில் உறுதிசெய்யுங்கள், அது தவறினால் மற்ற எல்லாம் தவறும்.

இனிச் சோதனை. 1ஆம் எலிமெண்ட்டின் ஹோல்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கையும் டெலிவரி வால்வின் ஊசியையும் எடுத்துச் சுத்தமான டீசல் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். வால்வின் உறையை எடுக்க வேண்டாம். ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, அதன் மேல் அன்னக்கழுத்து போல வளைந்த சிறு பைப்பை இணையுங்கள். பழைய டீசல் பைப்பின் ஒரு துண்டே போதும். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையிலும் ஆக்ஸிலரேட்டர் லீவர் முழு லோடு நிலையிலும் இருக்க வேண்டும். பிளஞ்சர் தலையில் ஸ்டார்ட்டிங் வெட்டு உள்ள பம்ப்பானால், ரேக் ஸ்டார்ட் நிலைக்குப் போய்விட்டால் அளவு தவறும். இதைப் பம்ப் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சினைக் குறிக்கு ஒரு கால் சுற்று முன்னால் நிறுத்தி, ஒருவர் ஹேண்ட் பிரைமரை மெதுவாக அடிக்கட்டும். வளைந்த பைப்பின் நுனியிலிருந்து டீசல் நூல் போல ஒழுகும். இப்போது எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மிக மெதுவாகச் சுற்றுங்கள். நூல் மெலிந்து, அறுந்து, சொட்டுச் சொட்டாகும். சொட்டுகளுக்கு இடையிலான நேரம் நீண்டு, நின்றுவிடப் போகும் அந்த இடமே பிளஞ்சர் பேரலின் துளையை மூடிய இடம். டீசல் தள்ளத் தொடங்கும் இடமும் அதுதான். அங்கே நிறுத்தி டேம்பரைப் பாருங்கள்.

குறியைத் தாண்டிச் சுற்றிவிட்டால், கொஞ்சம் பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. கியர்களின் பற்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி உங்களை ஏமாற்றிவிடும். கால் சுற்று பின்னால் போய், மறுபடியும் ஓடும் திசையிலேயே வர வேண்டும். மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது அளவு.

கையேட்டில் உள்ள டிகிரிக்கு முன்பே சொட்டு நின்றால் டைமிங் முந்தியிருக்கிறது; பிறகு நின்றால் பிந்தியிருக்கிறது. ஃபிளாஞ்ச் வகையில், பம்ப்பின் உடலை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். கப்ளிங் வகையில், போல்ட்டைத் தளர்த்தி, பம்ப்பின் ஷாஃப்டை அது சுற்றும் திசையில் முன்னால் நகர்த்தினால் முந்தும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மேலே சொன்ன சோதனையை முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும். என் வண்டியில் பழைய உளிக் குறியில் வைத்தபோது, சொட்டு 5 மில்லிமீட்டர் தாமதமாக நின்றது. அதாவது எஞ்சினில் சுமார் 2 டிகிரி. மூன்றாம் திருத்தத்தில் சரியாக வந்தது.

டைமிங் பிந்தினால் இழுவை குறைந்து புகை கூடும், எஞ்சின் சூடேறும். முந்தினால் ஓசை உலோகம் தட்டுவது போலக் கடினமாகும்; பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அடி வாங்கும். காதால் கேட்டே வைத்துவிடுபவர்களின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் சொட்டைப் பார்த்து வைத்ததை மட்டுமே நம்புகிறேன்.

முடிந்ததும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் மறக்காமல் திரும்பப் போட்டு, புதிய வாஷருடன் ஹோல்டரைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைப்பலத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் பேரல் நெரிந்து, பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். ஃபிளாஞ்ச் நட்டுகளை இறுக்கிய பிறகு, புதிய நிலைக்கு உளியால் புதுக் குறியிட்டு, பழைய குறியை அடித்து அழித்துவிடுங்கள்.

8. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்வது

புதிய ஃபில்டர்களைப் போடுங்கள். ஃபில்டரின் மேல் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பிரைமரை அடித்து இறுக்குங்கள். அதன் பிறகு பம்ப்பில் உள்ள ஸ்குரூவில் அதையே செய்யுங்கள். இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளைத் தளர்வாக விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆறிலும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி, காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையுடன் ஒருவர் நிற்கட்டும். ரேக் பிடித்து எஞ்சின் வேகமெடுத்தால் பலகையால் வாயை அடைப்பதே அதை நிறுத்தும் வழி. உள்ளங்கையையோ துணியையோ பயன்படுத்தக் கூடாது. ஸ்டாப் லீவர் அருகிலும் ஒருவர் இருக்க வேண்டும்.

9. ஓட்டிப் பார்த்தல், புகைச் சான்று

முதலில் காலியாக இருபது கிலோமீட்டர் ஓட்டி, கசிவு பார்த்து, பிறகு லோடு ஏற்றுங்கள். ஏற்றத்தில் முழுவதும் மிதிக்கும்போது மெல்லிய சாம்பல் நிறம் வரலாம். தொடர்ந்து கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும், அடுத்து பெஞ்ச் தாளில் உள்ள முழு லோடு அளவையும் பாருங்கள். பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதாவது மீட்டருக்கு 2.45. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்குக் கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சினில் நல்ல பம்ப்பும் தோற்கும். சோதனைத் தாளில் உள்ள எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த ஆறு மாதத்தில் அது எவ்வளவு உயர்ந்தது என்பதே நாசிலின் நிலையைச் சொல்லிவிடும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளாஞ்ச் நட்டுகள், பைப் கிளாம்புகள், பம்ப் ஆயில் மட்டம் மூன்றையும் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்த பைப் அதிர்ந்து அதிர்ந்து வெடிக்கும். ஃபில்டர் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் ஸ்குரூவை நாள்தோறும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒரு கிண்ணத்தைப் பிடித்துத் திறந்து பாருங்கள். தண்ணீர் அடியில் முத்தாகத் தனித்து நிற்கும். பில், பெஞ்ச் தாள், தகட்டின் படம், வைத்த டைமிங் டிகிரி ஆகியவற்றை ஆர்.சி. நகலுடன் ஒரே உறையில் வண்டியிலேயே வைத்திருங்கள். வெளியூரில் பம்ப்பைத் தொட வேண்டி வந்தால், அங்கிருக்கும் மெக்கானிக் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.